ரொட்டுமா: ஒரு தீவின் மொழி

நுழையும்முன்

உலகில் ஏறத்தாழ ஏழாயிரம் மொழிகள் பேசப்படுகின்றன. கோடிக்கணக்கானோர் பேசும் மொழிகளும் அவற்றுள் உண்டு. ஒரு சிற்றூரின் மக்கள்தொகைக்கு நிகரானோர் மட்டுமே பேசும் மொழிகளும் உண்டு. பேசுவோர் தொகை சிறிதாயின் மொழியின் அமைப்பும் எளிதாக இருக்கும் என்று கருதுதல் பொருந்தாது. பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள ரொட்டுமா என்னும் தீவின் மொழி, மொழியறிஞர்களுக்கு நெடுங்காலம் விடுபடாத புதிராக விளங்கியது. அப்புதிர் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு அவிழ்ந்தது, அம்மொழியின் இன்றைய நிலை யாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தீவும் மக்களும்

பிஜித் தீவுக்கூட்டத்திற்கு வடக்கே ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் தனித்து நிற்பது ரொட்டுமாத் தீவு. எரிமலைக் குழம்பால் உருவான இதன் நீளம் ஏறத்தாழ 13 கி.மீ.; அகலம் 4 கி.மீ. அளவினது. இத்துணைச் சிறிய நிலப்பரப்பு ஏழு மாவட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனித் தலைவரைக் கொண்டு விளங்குகிறது. சமோவாவிலிருந்து வந்த ராஹோ என்பவர் கூடையில் கொணர்ந்த மணலைக் கடலில் கொட்டியதால் இத்தீவு பிறந்தது என்று ரொட்டுமா மக்களின் தொன்மம் கூறுகிறது.

1791ஆம் ஆண்டு, 'பவுண்டி' கப்பலில் கலகம் செய்து தப்பியவர்களைத் தேடிவந்த 'பண்டோரா' என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் இத்தீவை அடைந்தது. ஐரோப்பியர் எழுதிவைத்த குறிப்புகளில் ரொட்டுமா இடம்பெற்றது அதுமுதற்கொண்டே ஆகும். அடுத்த நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக் கப்பல்களும் சமயப் பரப்புநரும் வந்துசேர்ந்தனர். ரொட்டுமா இளைஞர்கள் அக்கப்பல்களில் மாலுமிகளாகவும், ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள டாரஸ் நீரிணையில் முத்துச்சிப்பி எடுப்போராகவும் பணிபுரிந்தனர். 1881ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் தீவு பிரிட்டனுக்கு ஒப்படைக்கப்பட்டு, பிஜியுடன் இணைத்து ஆளப்பட்டது. பிஜி 1970இல் விடுதலை பெற்ற பின்னும் அவ்விணைப்பு தொடர்கிறது. பாரதியார் 'கரும்புத் தோட்டத்திலே' என்று பாடிய இந்துப் பெண்கள் உழைத்த அதே பிஜி நாட்டின் வடகோடியில்தான் ரொட்டுமா உள்ளது.

மொழியுறவைக் கண்டறியும் முறை

மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை, புவியின் சுற்றளவில் பாதிக்கும் மேல் பரவியுள்ள மொழிக்குடும்பம் ஆஸ்ட்ரோனேசியக் குடும்பம். இதில் ஏறத்தாழ 1,200 மொழிகள் அடங்கும். மலாய், சாவகம், தகலாக், மலகாசி, மாவோரி, ஹவாய் ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தைவான் தீவிலிருந்து படகேறிய மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தெற்கும் கிழக்குமாகச் சென்று குடியேறியதால் இக்குடும்பம் பரவியது என்பது ஆய்வாளர் பலரின் முடிவாகும். பசிபிக் தீவுகளில் பேசப்படும் இக்குடும்ப மொழிகளுள் மிகப் பெரும்பாலானவை 'ஓசியானியக் கிளை' எனப்படும்.

இருமொழிகள் உறவுடையனவா என்பதைச் சில சொற்களின் மேலோட்டமான ஒப்புமையைக் கொண்டு துணிதல் இயலாது. ஒரு மொழியின் குறிப்பிட்ட ஒலி, மற்றொரு மொழியில் எப்போதும் குறிப்பிட்ட வேறோர் ஒலியாக முறைப்பட மாறியிருத்தல் வேண்டும். தமிழில் பால், பல், பத்து, பன்றி என வரும் சொற்கள் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹந்தி என வருகின்றன. சொல்முதல் பகரம் ஹகரமாக மாறுவது ஓரிரு சொல்லில் நேர்ந்த தற்செயல் நிகழ்வன்று. அஃது ஒரு விதியாக அமைந்துள்ளது. இவ்வாறு விதிக்குட்பட்டு மாறும் ஒலிகளை 'ஒலியியைபு' என்பர். மொழிக்குடும்ப ஆய்வின் அடித்தளம் இதுவே.

இம்முறையை ரொட்டுமா மொழிக்குப் பொருத்திப் பார்ப்போம். பின்வரும் பட்டியலில் வல்லொலிப்பைக் காட்டும்பொருட்டுச் சில சொற்கள் இரட்டித்து எழுதப்பட்டுள்ளன.

கண்: மூல ஓசியானியம் 'மத்த'; பிஜி 'மத்த'; டோங்கா 'மத்த'; ரொட்டுமா 'மஃப'
மூன்று: மூல ஓசியானியம் 'தொலு', பிஜி 'தொலு', டோங்கா 'தொலு', ரொட்டுமா 'ஃபொலு'
ஏழு: மூல ஓசியானியம் 'பித்து', பிஜி 'வித்து', டோங்கா 'ஃபித்து', ரொட்டுமா 'ஹிஃபு'
கல்: மூல ஓசியானியம் 'பத்து'; பிஜி 'வத்து'; ரொட்டுமா 'ஹஃபு'
மீன்: மூல ஓசியானியம் 'இக்கன்'; பிஜி 'இக்க'; டோங்கா 'இக்க'; ரொட்டுமா 'இ’அ'

இறுதிச் சொல்லிலுள்ள மேற்குறி, தொண்டையில் மூச்சை ஒருகணம் அடைத்து விடுவதால் பிறக்கும் குரல்வளை அடைப்பொலியைக் குறிக்கும். இப்பட்டியலிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. மூலமொழியின் தகரம் ரொட்டுமாவில் ஃபகரமாகிறது, பகரம் ஹகரமாகிறது, ககரம் குரல்வளை அடைப்பொலியாகிறது. 'பித்து' என்பது 'ஹிஃபு' ஆனமையில் முதலிரு விதிகளும் ஒருங்கே செயற்பட்டுள்ளன. மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்விரு சொற்களிடையே எவ்வுறவும் தோன்றாது. விதியறிந்தார்க்கு உறவு தெளிவாகப் புலப்படும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மீனைக் குறிக்கும் சொல் சமோவா மொழியிலும் 'இ’அ' என்றே வழங்குகிறது. இதனைக் கொண்டு ரொட்டுமாவும் சமோவாவும் உடன்பிறந்த மொழிகள் என முடிவு கட்டலாமோ எனின், கூடாது. சமோவா மொழியில் கண்ணுக்கு 'மத்த', ஏழுக்கு 'ஃபித்து' என்றே வழங்குகின்றனர். அங்குத் தகரம் மாறவில்லை. ககரம் அடைப்பொலியானது இரு மொழிகளிலும் தனித்தனியே நிகழ்ந்த மாற்றமாகும். எனவே, ஒரு சொல்லின் ஒப்புமை சான்றாகாது. விதிகளின் தொகுதியே சான்றாகும்.

ரொட்டுமா எழுப்பிய புதிர்

ரொட்டுமா மொழியின் சொற்கள் அனைத்தும் மேற்கண்ட விதிகளுக்கு உட்பட்டிருப்பின் சிக்கல் எழுந்திராது. ஆயின், விதியை மீறும் சொற்கள் ஏராளமாக இருந்தன. குருதியைக் குறிக்கும் சொல் 'தொத்தொ' என வழங்குகிறது. தகரம் ஃபகரமாக மாறும் என்ற விதிப்படி இச்சொல்லில் தகரம் நின்றிருத்தல் கூடாது. கடற்பயணத்தைக் குறிக்கும் சொல் 'ஃபொரவு' என்பதாகும். பகரம் ஹகரமாக வேண்டிய இடத்தில் இங்கு ஃபகரம் நிற்கிறது. மேலும், 'ஃபொலு' என்னும் எண்ணுப்பெயரில் நிலைத்து நின்ற லகரம் இச்சொல்லில் ரகரமாகியுள்ளது.

விதிகள் இவ்வாறு ஒன்றோடொன்று முரண்பட்டமையால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு தோன்றியது. மக்களின் தோற்றமும் பழக்கவழக்கங்களும் டோங்கா, சமோவா முதலிய பாலினேசியத் தீவினரை ஒத்திருந்தமையால் மொழியையும் பாலினேசியம் என்றே சிலர் கொண்டனர். வேறு சிலர் இதனைக் கலப்புமொழி என்றனர். ஒரு மொழியைக் 'கலப்பு' என்று பெயரிடுவது எளிது. எது கலந்தது, எதனுடன் கலந்தது, எப்போது கலந்தது என்று கூறாதவரை அப்பெயர் விளக்கமாகாது.

இரு படிவங்கள்

இப்புதிருக்கு விடைகண்டவர் நியூசிலாந்து மொழியியலறிஞர் புரூஸ் பிக்ஸ். 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, ரொட்டுமா மொழியின் சொற்களை இரு படிவங்களாகப் பிரித்துக் காட்டியது. முதற்படிவம் மூலமொழியிலிருந்து தலைமுறைதோறும் நேரடியாக வழிவந்த சொற்களால் ஆனது. மஃப, ஃபொலு, ஹிஃபு, ஹஃபு ஆகியன இப்படிவத்தைச் சேர்ந்தவை. இரண்டாம் படிவம் பாலினேசிய மொழிகளிலிருந்து கடனாகப் பெறப்பட்ட சொற்களால் ஆனது. டோங்கா, சமோவா மொழிகளில் கடற்பயணம் 'ஃபொலவு' எனப்படும். அச்சொல்லே ரொட்டுமாவில் 'ஃபொரவு' என்று புகுந்தது. தகரம் ஃபகரமாகும் மாற்றம் நிகழ்ந்து முடிந்த பின்னரே கடன்சொற்கள் வந்தமையால் 'தொத்தொ' போன்ற சொற்கள் மாறாது நின்றன.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. உடலுறுப்பு, எண், இயற்கைப்பொருள் முதலியவற்றைக் குறிக்கும் அடிப்படைச் சொற்களை ஒரு மொழி எளிதிற் கடன்பெறாது என்பது பொதுவான கருத்து. ரொட்டுமாவிலோ 'குருதி' போன்ற அடிப்படைச் சொல்லும் கடன்சொல்லாக உள்ளது. டோங்கா மக்கள் இத்தீவை வென்று ஆண்டதாக வாய்மொழி வரலாறுகள் கூறுவதும், ராஹோவின் தொன்மம் சமோவாவைச் சுட்டுவதும் இவ்விடத்தில் பொருளுடையனவாகின்றன. தொன்மத்தை வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. எனினும், கடல் கடந்த தொடர்பு நெருக்கமானது என்பதற்கு மொழியே சான்று பகர்கிறது.

ஒத்த சொற்களை எண்ணிப் பார்த்து உறவை அளந்திருந்தால் ரொட்டுமா தன் உண்மையான சுற்றத்திலிருந்து பிரிக்கப்பட்டு, கடன் கொடுத்தவரின் குடும்பத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். கடனையும் மரபுரிமையையும் வேறுபிரித்தறிந்த பின்னரே உறவு விளங்கியது.

மரமும் சங்கிலியும்

கடன்சொற்களை நீக்கிய பின் எஞ்சும் மொழிக்கு நெருங்கிய உறவு யாது? பிஜி, பாலினேசியம், ரொட்டுமா ஆகிய மூன்றும் ஒரு கிளையைச் சேர்ந்தவை என ஜார்ஜ் கிரேஸ் 1959இல் எடுத்துரைத்தார். இக்கிளையை இன்று 'மத்திய பசிபிக் கிளை' என வழங்குவர். அக்கிளைக்குள் ரொட்டுமாவின் இடத்தைப் பின்னர் ஆராய்ந்த ஆண்ட்ரூ பாலி, அது பிஜியின் மேற்குப் பகுதிக் கிளைமொழிகளோடு நெருங்கியது என்று காட்டினார்.

இம்முடிவை உணரக் கிளைமொழி என்பதன் இயல்பை அறிதல் வேண்டும். பிஜியில் ஓர் ஊரின் பேச்சு அடுத்த ஊரின் பேச்சிலிருந்து சிறிதே வேறுபடும். அதற்கடுத்த ஊரில் இன்னும் சிறிது வேறுபடும். அருகருகே வாழ்வோர் ஒருவர்க்கொருவர் விளங்கப் பேசுவர். மேற்கு முனையினரும் கிழக்கு முனையினரும் தத்தம் பேச்சிலேயே உரையாடின் விளங்கிக்கொள்ளுதல் அரிது. இத்தகைய தொடரைக் 'கிளைமொழிச் சங்கிலி' என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமயப் பரப்புநர் 'பவ்' என்னும் சிறுதீவின் பேச்சை எழுத்துவழக்காகத் தேர்ந்தனர். இன்றைய பொதுப் பிஜிமொழிக்கு அதுவே அடிப்படையாயிற்று.

பழங்காலத்தில் இச்சங்கிலியின் மேற்குப் பகுதியிலிருந்து பிரிந்து சென்ற ஒரு கண்ணியே ரொட்டுமா ஆயிற்று என்றும், கிழக்குப் பகுதியிலிருந்து பிரிந்த கண்ணியே பாலினேசிய மொழிகளாக விரிந்தது என்றும் கருதப்படுகிறது. எஞ்சிய மேற்கும் கிழக்கும் மீண்டும் நெருங்கிப் பழகி, இன்று ஒரே 'பிஜி' எனத் தோன்றுகின்றன. மொழிக்குடும்பத்தைக் கிளைவிட்ட மரமாக வரைவது வழக்கம். ஆயின், மரத்தில் பிரிந்த கிளைகள் மீண்டும் ஒன்றுவதில்லை. மொழிகளில் அஃது இயலும். இதனை உணர்த்தும் தக்க எடுத்துக்காட்டு மத்திய பசிபிக் கிளையாகும்.

ரொட்டுமா மொழிக்குள் கிளைமொழி எனப் பிரித்தெண்ணத்தக்க பெரும் வேறுபாடுகள் இல்லை. ஏழு மாவட்டங்களும் ஒருநாள் நடைத்தொலைவுக்குள் அடங்குவதும், மாவட்டங்களிடையே மண உறவு நிலவுவதும் பேச்சு வேறுபட வாய்ப்பளிக்கவில்லை. இத்தீவைச் சூழ உடன்பிறந்த மொழி வேறொன்றும் இல்லை. ஒப்பிட்டு நோக்க அண்டைக் கிளைமொழிகள் இன்மையே அதன் உறவைக் கண்டறிவதில் காலம் நீண்டமைக்கு ஒரு காரணம் எனலாம்.

சொல்லுக்கு இரு வடிவம்

ரொட்டுமா மொழியின் தனிச்சிறப்பு, சொற்கள் இருவேறு வடிவில் வழங்குவதாகும். இதனை விரிவாக விளக்கியவர் சி. மேக்ஸ்வெல் சர்ச்வர்டு. 1940இல் வெளிவந்த அவரது இலக்கணமும் அகராதியும் அடங்கிய நூல் இன்றும் அடிப்படை நூலாகப் போற்றப்படுகிறது. அவர் குறிப்பிட்ட இரு வடிவங்களை 'நிறைவடிவம்', 'குறைவடிவம்' எனத் தமிழில் வழங்கலாம்.

பூவைக் குறிக்கும் நிறைவடிவம் 'ஹொஸ'. அதன் குறைவடிவம் 'ஹொஅஸ்'. இறுதியில் நின்ற அகரம் தனக்கு முன்னிருந்த மெய்யைத் தாண்டி உள்ளே சென்றுவிட்டது. பாயைக் குறிக்கும் 'எப்ப' என்பது 'எஅப்' என்றாகும். 'கற்றுக்கொள்' என்னும் பொருளுடைய 'ரக்கொ' என்பதில் இறுதி உயிர் கெட்டு 'ரக்' என நிற்கும். உறங்குதலைக் குறிக்கும் 'மொஸெ' போன்ற சொற்களில் இறுதி உயிர் மறைந்து, முன்னுள்ள உயிரின் ஒலிப்பை மாற்றிவிடும். பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் இதழ் குவித்து ஒலிக்கும் முன்னுயிர்கள் போன்ற ஒலிகள் இவ்வாறு ரொட்டுமாவில் தோன்றின.

எழுத்துகள் இடம் மாறி நிற்றல் தமிழுக்கும் புதிதன்று. தசை என்பது சதை எனவும், விசிறி என்பது சிவிறி எனவும் வழங்குதலை நாம் அறிவோம். ஆயின், தமிழில் இது சில சொற்களில் மட்டும் நிகழ்வது, பொருளை மாற்றுவதில்லை. ரொட்டுமாவில் இம்மாற்றம் மொழி முழுதும் பரவிய இலக்கண நெறியாகும், பொருளையும் வேறுபடுத்தும். 'மக்கள்' என்னும் சொல்லின் நிறைவடிவமாகிய 'ஃபமொரி' என்பதைக் கொண்டு தொடர் அமைப்பின், பேச்சில் முன்பே அறியப்பட்ட அம்மக்கள் கூறுகின்றனர் எனப் பொருள்படும். குறைவடிவத்தைக் கொண்டு அமைப்பின், மக்கள் சிலர் கூறுகின்றனர் எனப் பொருள்படும். அவ்வாறே 'எப்ப' என்பது அந்தப் பாய்களையும், 'எஅப்' என்பது பாய்கள் சிலவற்றையும் குறிக்கும். தனிச்சொல்லால் உணர்த்தவேண்டிய சுட்டுப்பொருளை, ஓர் உயிர் இடம்பெயர்வதாலேயே இம்மொழி உணர்த்திவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

வில்சோனி ஹெரெனிகோ என்னும் ரொட்டுமா எழுத்தாளர் இயக்கி 2004இல் வெளிவந்த திரைப்படம், 'நிலத்திற்குக் கண்கள் உண்டு' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. அதன் ரொட்டுமாத் தலைப்பின் இறுதிச்சொல் 'மஃப்' என்பதாகும். கண்ணைக் குறிக்கும் 'மஃப' என்பதன் குறைவடிவம் இது. மூல ஓசியானியத்தின் 'மத்த' என்பதே ஒலிமாற்றத்தால் 'மஃப' ஆகி, இலக்கண நெறியால் 'மஃப்' ஆயிற்று.

எழுத்தும் சமயமும்

ரொட்டுமா மொழிக்குப் பண்டு எழுத்து இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மெதடிஸ்டுப் பரப்புநரும் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமாரும் தத்தம் தாய்மொழி மரபையொட்டித் தனித்தனி எழுத்துமுறைகளை வகுத்தனர். ஒரு சிறு தீவில், ஒரே மொழியைச் சமயத்திற்கேற்ப இருவகையாக எழுதும் நிலை உண்டாயிற்று. இரு சமயப் பிரிவினரிடையே 1878இல் போரே மூண்டது. அதன் பின்விளைவாகவே தலைவர்கள் தீவைப் பிரிட்டனிடம் ஒப்படைக்க முன்வந்தனர். பிற்காலத்தில் சர்ச்வர்டு, உயிர்களின் மேல் புள்ளி முதலிய குறிகளை இட்டு, நுண்ணிய ஒலி வேறுபாடுகளையும் காட்டும் எழுத்துமுறையை அமைத்தார். பேச்சில் இல்லாத பிரிவினையை எழுத்து உண்டாக்கவும் கூடும் என்பதற்கு இத்தீவின் வரலாறு சான்றாகும்.

மொழியின் இன்றைய நிலை

2007ஆம் ஆண்டின் பிஜிக் கணக்கெடுப்பில் ரொட்டுமா இனத்தவர் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுள் தீவில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே. 2017இல் தீவின் மக்கள்தொகை 1,600 அளவிற்குக் குறைந்தது. கல்வியும் வேலையும் நாடிச் சுவா முதலிய நகரங்களுக்கும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்கும் மக்கள் பெயர்ந்துள்ளனர்.

நகரத்தில் வளரும் குழந்தை, பள்ளியில் ஆங்கிலத்தையும் தெருவில் பிஜியையோ பிஜி இந்தியையோ கேட்கிறது. 2013ஆம் ஆண்டின் பிஜி அரசியலமைப்பு, தொடக்கப்பள்ளிகளில் பிஜி மொழியையும் பிஜி இந்தியையும் கட்டாயப் பாடங்களாக்கியது. அப்பட்டியலில் ரொட்டுமா இடம்பெறவில்லை. எனவே, தீவுக்கு வெளியே இம்மொழி பெரும்பாலும் வீட்டையே நம்பி வாழ்கிறது. யுனெஸ்கோ இதனை அழியும் நிலையிலுள்ள மொழிகளின் வரைபடத்தில் சேர்த்துள்ளது.

மொழியைக் காக்கும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. ரொட்டுமா ஆசிரியர் எலிசபெத் இனியாவும் ஆய்வாளர் சிலரும் இணைந்து தொகுத்த புதிய அகராதி 1998இல் சுவாவில் வெளிவந்தது. அதே ஆண்டில் இனியா தொகுத்த பழமொழி நூலும் வெளியாயிற்று. நியூசிலாந்தில் வாழும் ரொட்டுமா மக்கள் மே மாதத்தில் மொழி வாரம் கொண்டாடுகின்றனர். அகராதி சொற்களைக் காக்கும். விழா ஆர்வத்தை வளர்க்கும். ஆயினும், நிறைவடிவத்தையும் குறைவடிவத்தையும் எங்கு, எப்போது வழங்குவது என்னும் நுட்பம் நாள்தோறும் கேட்டும் பேசியும் பழகுவதாலேயே கைவரும். பெற்றோர் பிள்ளைகளோடு பேசாதொழியின், எட்டாத தொலைவிலுள்ள நூலகத்தில் அகராதி இருந்தும் பயனில்லை.

தமிழைப் போன்று நெடிய எழுத்திலக்கிய மரபுடைய மொழிக்குக் கல்வெட்டும் ஓலையும் வரலாறு கூறும். ரொட்டுமாவுக்கு அத்தகைய பழம்பதிவுகள் இல்லை. அம்மக்களின் முன்னோர் எங்கிருந்து வந்தனர், யாரோடு பழகினர் என்பவற்றை 'ஹிஃபு', 'தொத்தொ' போன்ற சொற்களே இன்று நமக்கு உரைக்கின்றன. அச்சொற்களைப் பேசும் நாக்கு ஓய்ந்துவிடின், அவ்வரலாற்றைச் சொல்லும் வாயும் மூடிவிடும். ஒரு சிறிய மொழியைக் காப்பது அதனைப் பேசுவோர்க்கு மட்டுமன்றி, மனிதகுலத்தின் பயண வரலாற்றை அறிய விழையும் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. தமிழ், கன்னடம் ஆகிய இரு மொழிகளிலும் பகரம் – ஹகரம் என அமையும் சொற்களைத் திரட்டிப் பட்டியலிடுக.
2. உங்கள் வட்டாரத்தில் மட்டும் வழங்கும் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அண்டை மாவட்ட வழக்கோடு ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

மதிப்பீடு

1. ஒரு சொல்லின் ஒப்புமையைக் கொண்டு மொழியுறவை முடிவு செய்தல் ஏன் பொருந்தாது? சமோவா, ரொட்டுமாச் சொற்களைக் கொண்டு விளக்குக.
2. புரூஸ் பிக்ஸ் கண்டறிந்த இரு சொற்படிவங்களைச் சான்றுடன் எழுதுக.
3. 'கிளைமொழிச் சங்கிலி' என்பதனை விளக்கி, ரொட்டுமாவின் தோற்றத்தோடு தொடர்புபடுத்துக.
4. தமிழில் எழுத்து நிலை மாறுதலுக்கும் ரொட்டுமாவின் இருவடிவ முறைக்கும் உள்ள வேறுபாடு யாது?